அம்பிட்டிய ஏற்றமும் ஒரு பேச்சுக் குழாயும்

1931ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி, வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி இருபது நிமிடம். தூறல். ஹந்தான மலை பாதிக்கு மேல் முகிலுக்குள் இருந்தது. கண்டிக் கடைத்தெருவில் சாக்குப் படுதாக்களை இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் வாப்பா வாங்கிய கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

நான் அந்தக் காருக்குள் இருந்தேன். ஆகவே திகதியைப் பற்றி யாரும் என்னோடு வாதாட வேண்டாம். நம் வயதுக்காரர் இரண்டு பேர் அது முப்பத்திரண்டாம் ஆண்டு என்று இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முப்பத்திரண்டில் அந்தக் கார் எங்களிடம் இல்லை. அதன் பின்பாதி உலகத்திலேயே இல்லை. எழுதினால் எல்லாம் தெளியும் என்று நினைத்து உட்கார்ந்தேன். இந்த வரி வரையில் தெளியவில்லை.

கார் சீமையில் செய்தது, பெரிய யுத்தத்துக்கு முந்தியது. செய்த கொம்பனியின் பெயர் வேண்டாம். காரில் பிழை இல்லை, பிழை எங்களிடம். முன்னால் சாரதிக்கு ஒரு நீண்ட ஆசனம். மேலே கூரை உண்டு, பக்கங்கள் திறந்தவை. அவருக்குப் பின்னால், உட்புறம் திரை போட்ட ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கும் பின்னால் ஓர் அறை என்றுதான் சொல்லவேண்டும்: பச்சைத் தோல் மெத்தை, பூ வைக்க வெள்ளிக் குவளை ஒன்று, திரை போட்ட யன்னல்கள் ஐந்து. மெத்தையின் பக்கத்தில் பட்டு நூல் சுற்றிய ஒரு குழாய் தொங்கியது. அதன் வாய் யானைத்தந்தத்தில் சிறு கிண்ணம் போல இருக்கும். மறு நுனி பித்தளைப் புனலாகச் சாரதியின் காதருகே முடியும். உள்ளே இருக்கும் துரைசாணி கண்ணாடியைத் திறக்காமலே “இடது பக்கம் போ” என்று சொல்வதற்காக வைத்தது.

இந்தக் கண்ணாடிக்கும் திரைக்கும் குழாய்க்கும்தான் வாப்பா நானூற்றைம்பது ரூபாய் கொடுத்தார். கார் அவற்றோடு சேர்ந்து வந்தது.

காரணம் உம்மா. உம்மாவின் ஒரே தங்கை, எங்கள் சாச்சி, அம்பிட்டிய ஏற்றத்தின் உச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைலும் சொச்சமும். நாலு வருடத்தில் உம்மா அங்கே ஒரு முறைதான் போயிருந்தார். வீதியில் நடப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வழக்கமில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் அந்த ஏற்றம் என்றால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். திரை கட்டிய மாட்டு வண்டி வைத்திருந்தவர் பஸ் ஓடத் தொடங்கியதும் மாடுகளை விற்றுவிட்டார். வாடகைக் காரிலோ சாரதிக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. வாப்பா அதற்கு இணங்கவில்லை.

சாச்சிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தது. “இந்த முறை ராத்தா பக்கத்துல ஈக்கோணும்” என்று தன் அக்காவுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லியனுப்பினார். உம்மா அதை வாப்பாவிடம் தினமும் ஒரு தரம் சொன்னார், பெரும்பாலும் சோறு போடும்போது. “புள்ள பொறக்க முந்தி கார் வரும்” என்று வாப்பா கடைசியில் வாக்குக் கொடுத்தார்.

தேயிலை விலை விழுந்த காலம். புசல்லாவைப் பக்கம் ஒரு துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகிறார் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது. நான் மகனாகப் போகவில்லை, உம்மாவுக்குப் பதிலாகப் போனேன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பங்களாவிலிருந்து மூன்று தலையணைகள் வாங்கி அவற்றின்மேல் என்னை ஏற்றி, உம்மாவின் உயரத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு சாரதியின் இடத்தில் தான் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தினார்.

“மகன், திரைய இழுங்க! இப்ப கைய ஆட்டுங்க. ஆட்டினீங்களா?”

“ஓ வாப்பா,” என்றேன் குழாயில்.

“எனக்குத் தெரியல்ல. நல்லம். இருமுங்க.”

இருமினேன்.

“கேக்கல்ல. சிரிங்க.”

“எனத்துக்கு வாப்பா சிரிக்கிற?”

“எனத்துக்காச்சும் சிரிங்க!”

எனக்கு அழுகைதான் வந்தது. அதுவும் கேட்கவில்லை என்று வாப்பாவுக்கு மிகத் திருப்தி.

துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய சாரதி, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மெல்ல வந்து சொன்னார்: “மொதலாளி, தொர எஞ்சினக் காட்டுறேன்னு சொல்றாரு.”

“எஞ்சின் எஞ்சினப் போலத்தானே ஈக்கும்? இந்தக் கண்ணாடி ஆட்டத்துல கழருமா எண்டு கேளுங்க.”

சாரதி துரையிடம் என்ன கேட்டாரோ தெரியாது. துரை பைப்பை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

காரோடு சாரதியும் எங்களிடம் வந்தார், மாதம் முப்பத்தைந்து ரூபாய்க்கு. புசல்லாவையிலிருந்து கம்பளை வரையில் இறக்கம், அங்கிருந்து கண்டிக்குப் பெரும்பாலும் மட்டம். கார் அரசனைப் போல வந்தது. எங்கள் அடுத்த வீட்டில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் இருந்தார். அவர் குடையோடு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“முதலாளி, வீட்டுக்குச் சில்லுப் பூட்டினமாதிரிக் கிடக்கு. மேல்மாடி எப்ப கட்டப்போறியள்?”

வாப்பா சிரித்தார். அந்தக் கிழமை முழுவதும் அவர் எதற்கும் சிரித்தார்.

இனிப் பராமரிப்பு. வாப்பா புடவைக் கடைக்காரர். புடவை சம்பந்தப்பட்ட எதிலும் அவர் குறை வைக்கவில்லை. பழைய திரைகளைக் கழற்றிவிட்டுக் கடையிலிருந்த நல்ல வெல்வெட்டில் இரட்டைத் திரை தைப்பித்தார். தோல் மெத்தைக்குத் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார். மூன்றாம் நாள் காருக்குள் எறும்பு. எறும்புக்கு மஞ்சள் தூள். பிறகு மெத்தையில் உட்கார்ந்து எழும்பியவர்கள் எல்லாரும் மஞ்சளாக எழும்பினோம்.

பெற்றோல் விஷயம் வேறு. சாரதி முதல் நாளே சொன்னார்: “டேங்க்க முட்ட நெறச்சிருங்க மொதலாளி. அது என் சீட்டுக்கு அடியில இருக்கு. எண்ணெ கொறஞ்சா ஏத்தத்துல எஞ்சினுக்குப் போய்ச் சேராது.”

வாப்பா தலையாட்டிவிட்டு உள்ளே வந்து உம்மாவிடம் சொன்னார்: “எல்லா டிரைவர்மாரும் இதத்தான் செல்ற. நெறச்சுக் குடுத்தா பாதிய வித்திருவான்.”

இரண்டு கலன் பெற்றோல் தகரம் ஒன்று வாங்குவார். ஒரு கலனை அளந்து ஊற்றிவிட்டு, மீதியைத் தகரத்தோடு உம்மாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். அந்த வருடம் உம்மாவின் சேலைகள் எல்லாம் பெற்றோல் மணத்தன. சாம்பிராணி போட்டால் போகும் என்று யாரோ சொல்ல, வாப்பா பாய்ந்து வந்து சட்டியைத் தட்டிவிட்டார். இன்றைக்கும் எங்காவது பெற்றோல் மணத்தால் எனக்கு உம்மாவின் ஞாபகம் வருகிறது. இதை என் பிள்ளைகளிடம் சொன்னேன். வைத்தியரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

குழாயில் பேசும் வேலை எனக்கு. அந்நிய ஆண் உம்மாவின் குரலைக் கேட்கக்கூடாது. உம்மா என் காதில் “மெல்லப் போகச் செல்லுங்க” என்பார். நான் குழாயில் “மெல்லப் போங்க” என்பேன். சாரதி வாயால் பதில் சொல்லமாட்டார். ரப்பர் பந்து வைத்த ஹோர்னை ஒரு தரம் அமுக்குவார். விளங்கியது என்று அர்த்தம். இரண்டு தரம் என்றால் விளங்கவில்லை. இந்த ஏற்பாட்டை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே செய்தார். நாங்கள் பேராதனைப் பக்கம் போனோம், கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரையில் போனோம். எல்லாம் மட்டமான வழி. ஆற்றில் யானை குளிப்பதை உம்மா திரை இடுக்கால் பார்த்தார். “இவ்வளவு பெரிசா!” என்று அவர் சொன்னதை நான் குழாயிலும் சொல்லிவிட்டேன். ஹோர்ன் ஒரு தரம் அடித்தது.

ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவையாக அம்பிட்டியவுக்குப் புறப்பட்டோம். வாப்பா சாரதியின் பக்கத்தில். உம்மா மடியில் சாச்சிக்குச் செய்த பலகாரச் சட்டி. ஏற்றத்தில் முதல் வளைவு தாண்டியதும் எஞ்சின் இருமியது, பிறகு நின்றது. ஒரு கலன் பெற்றோல் தாங்கியின் அடியில் ஒரு மூலைக்கு ஓடிவிட்டது. நான் அப்போது இதை அறியேன். சொந்தக் கார் வைத்திருந்த காலத்தில்தான் யோசித்து விளங்கிக்கொண்டேன்.

“பரவாயில்ல மொதலாளி,” என்றார் சாரதி. “வண்டியத் திருப்பி, பின்பக்கமா ஏத்திருவேன். அப்ப டேங்க் மேல வந்துரும், எண்ணெ எஞ்சினுக்கு எறங்கும். தோட்டத்துல அப்பிடித்தான் ஏத்துவோம். தெரைய மட்டும் ஒதுக்கச் சொல்லுங்க, பின் கண்ணாடி வழியா ரோட்டப் பாக்கணும்.”

வாப்பாவுக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது. “பொம்புள ஈக்கிற எடத்தால பாக்கப் போறீங்களா?”

“ரோட்டத்தான் மொதலாளி.”

“தலைய வெளியால போட்டுப் பாருங்க!”

“அப்பிடிப் பாத்தா இந்தப் பக்கம் மட்டுந்தான் தெரியும். பள்ளம் அந்தப் பக்கமில்ல இருக்கு?”

வாப்பா அந்தப் பக்கத்துப் படியில் தானே தொங்கிக்கொண்டு “வாங்க, வாங்க, வாங்க” என்றார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பின்சில்லு ஒன்று வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது, டயர் வெடித்தது. உம்மாவைக் குடைக்குள் மறைத்து யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தோம். பலகாரத்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா சொன்னார்: “பெற்றோல் நெறப்ப வைக்கத்தான் வேணுமெண்டு நிப்பாட்டினான்.” அதற்குப் பிறகு அரைக் கலன்தான் ஊற்றினார். உம்மா சோறு போடும்போது சொல்லும் அந்த வாக்கியத்தை நிறுத்திவிட்டார். கோபமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து நான் அழுதேன்.

வெடித்த டயருக்குள் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்துச் சாரதி சமாளித்தார். அந்த அளவில் புதியது கண்டியில் இல்லை. ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை, காலை ரயிலில் வாப்பா டயர் வாங்கக் கொழும்புக்குப் போனார். பதினொரு மணிக்குச் சாச்சி வீட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் மழையில் நனைந்து ஓடிவந்தார். சாச்சிக்கு விடிய நோவு தொடங்கிவிட்டது. “ராத்தா எங்க, ராத்தா எங்க” என்று மட்டும் சொல்கிறார். மருத்துவச்சி முகம் சரியில்லை.

உம்மா என்னைப் பார்த்தார். பிறகு அலுமாரியைப் பார்த்தார். அதைப் பூட்டிய திறப்பு வாப்பாவோடு கொழும்பில்.

“டிரைவர்ட்டக் கேளுங்க, காருல பெற்றோல் ஈக்கிதா எண்டு.”

“அரைக் கலன் கெடக்கு தம்பி,” என்றார் சாரதி. “முன்னால ஏறாது. பின்னால ஏறும்.”

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார்.

ஏற்றத்தின் அடியில் சாரதி காரைத் திருப்பிப் பின்பக்கத்தை மலைக்குக் காட்டி நிறுத்தினார். இறங்கி வந்து, திரை மூடிய யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சொன்னார்: “தம்பி, அம்மாகிட்டக் கேளுங்க. நடுத் தெரைய ஒதுக்கினா நான் பாத்து ஏத்துவேன். அது சரிவராட்டி, பின்னால என்ன இருக்குன்னு உள்ளேருந்து யாராச்சும் சொல்லணும். நான் திரும்பாம ஏத்துறேன்.”

“நாங்க பாத்துச் செல்றோம் எண்டு செல்லுங்க,” என்றார் உம்மா.

உம்மா மெத்தையில் முழங்காலிட்டுப் பின்யன்னல் திரையை ஒதுக்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். நானும் பக்கத்தில் முழங்காலிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். கார் பின்னால் ஏறத் தொடங்கியது. உம்மா “இடது” என்றார், நான் “இடது” என்றேன். ஆனால் நாங்கள் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சாரதி முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் இடது அவருடைய வலது. இதை உணர்ந்து நான் மாற்றிச் சொல்ல, அவரும் உணர்ந்து மாற்றித் திருப்ப, மட்கார்ட் மண்மேட்டில் உரசியது. இரண்டு ஹோர்ன். நான் மறுபடி “இடது, இல்ல, வலது, எங்கட இடது” என்றேன். இரண்டு ஹோர்ன். எனக்கு எது எந்தக் கை என்றே தெரியாமல் போயிற்று.

அப்போது உம்மா என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கினார். வாயருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினார். உம்மாவின் மூச்சு தந்தக் கிண்ணத்துக்குள் இரைந்தது எனக்குக் கேட்டது. சாரதிக்கும் கேட்டிருக்கும்.

“மலைப் பக்கம் கொஞ்சம்,” என்றார்.

முன்னால் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஹோர்ன் ஒரு தரம், மிக மெதுவாக.

“இன்னம் கொஞ்சம். இவ்வளவு காணும். இப்ப பள்ளத்துப் பக்கம். மெல்ல. மெல்ல எண்டு செல்றேனே!”

ஹோர்ன்.

நான் நடுத்திரையின் இடுக்கால் முன்னால் பார்த்தேன். சாரதியின் பிடரி மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை. அவருக்கு அப்பால் கண்டி வாவி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. பின்னால் உம்மா மலையைப் பார்த்து உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இது பாவமா, விளையாட்டா, நான் சிரிக்கலாமா என்று எனக்கு விளங்கவில்லை.

மேல் வளைவில் பஸ் ஒன்று இறங்கி வந்தது. “நில்லுங்க!” என்று உம்மா கத்தியது குழாய் இல்லாமலே கேட்டிருக்கும். பஸ் எங்கள் பின்யன்னலுக்கு ஒரு முழத்தில் நின்றது. உம்மாவின் ஒரு கையில் குழாய், மறு கையில் திரை. முக்காடு நழுவிக் கிடந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் உம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். கொண்டக்டர் எட்டிப் பார்த்து, “இந்தக் கார் போகுதா வருதா?” என்று கேட்டார். உம்மா முக்காட்டைச் சரிசெய்யவில்லை. குழாயில், “பஸ் ஒதுங்கினா மலைப் பக்கமா எடுங்க” என்றார். ஹோர்ன் ஒரு தரம்.

சாச்சியின் வீட்டை முதலில் கண்டது உம்மாதான். நானும் சாரதியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கார் முற்றாக நிற்க முந்தி இறங்கிவிட்டார். உள்ளேயிருந்து “ராத்தா!” என்று ஒரு கத்தல். அதன் பிறகு என்னை மாட்டுக் கொட்டில் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி முப்பத்தைந்து நிமிடத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளை இப்போது திகனயில் இருக்கிறாள்; பேரப்பிள்ளைகள் பதினொருவர். சாச்சியும் தப்பினார். கால் மாறி வந்த பிள்ளையை மருத்துவச்சியும் உம்மாவும் நாலு கையால் எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு கை போதாமல் இருந்திருக்கும் என்று மருத்துவச்சியே சொன்னாராம்.

உம்மா நாற்பது நாளைக்கு அங்கே தங்கிவிட்டார். நானும் சாரதியும் இறங்கி வந்தோம்.

மறுநாள் வாப்பா டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வந்தார். வாசலில் கிளாக்கர்.

“முதலாளி, உங்கட கார் நேற்று அம்பிட்டியவுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாம். என்ன கோவமோ?”

வாப்பா டயரைக் கீழே வைக்கவில்லை. அப்படியே சாரதியிடம் போனார். “பின்னால பாத்துச் சொன்ன ஆரு?”

“தம்பிதான் மொதலாளி.”

வாப்பா என்னிடம் திரும்பினார். “எப்பிடிச் சொன்னீங்க மகன்? இடது, வலது எண்டா?”

“இல்ல வாப்பா. மலைப் பக்கம், பள்ளத்துப் பக்கம் எண்டு.”

நான் கண்டித் தெருவில் வளர்ந்தவன். அப்படி வழி சொல்வது திகனயில் உம்மாவின் வீட்டார். வாப்பா டயரை இறக்கிவைத்துவிட்டு, “புள்ள எப்பிடி?” என்று கேட்டார். “பொம்புளப் புள்ள” என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அன்று பின்னேரம் காரைக் கேட்காமல் அம்பிட்டியவுக்கு நடந்தே போனார். அங்கே உம்மாவிடம் என்ன கேட்டார், கேட்டாரா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சாகும் வரையில் சொல்லவில்லை.

ஒக்டோபர் மாதம் காரை மாத்தளையில் லொறி ஓட்டும் ஒருவருக்கு நூற்று நாற்பது ரூபாய்க்கு விற்றார். அவர் பின்னறையை வெட்டி எறிந்துவிட்டு மரக்கறி ஏற்றப் பலகை அடித்துக்கொண்டார். சாரதியும் காரோடு போனார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டு, உள்வீட்டுப் பக்கம் பார்க்காமல், ஹோர்னை ஒரு தரம் அமுக்கினார்.

விற்பதற்கு முதல் நாள் வாப்பா ஒரு திருப்புளி எடுத்துக்கொண்டு காருக்குள் ஏறினார். அந்தக் குழாயை யானைத்தந்த வாயோடும் பித்தளைப் புனலோடும் தானே கழற்றிக்கொண்டு வந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். உம்மாவின் குரல் போன வழி வேறொருவனிடம் போகக்கூடாது என்றா? வேறு ஏதாவதா? எழுபது வருடமாக மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

வாப்பாவுக்கு அறுபத்தெட்டு வயதில் காது முற்றாகப் போய்விட்டது. கொழும்பு வைத்தியர்கள் கொடுத்த எதுவும் பலிக்கவில்லை. ஒரு நாள் உம்மா அலுமாரியைத் திறந்து குழாயை எடுத்து வந்தார். பித்தளைப் புனலை வாப்பாவின் காதில் வைத்து, தந்தக் கிண்ணத்துக்குள் வாயை வைத்து, “சோறு போடவா?” என்றார். வாப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு ஒரு தரம் இருமினார். விளங்கியது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் கேட்ட குரல் அது ஒன்றுதான். வேறு யார் பேசினாலும் அந்தக் குழாய் பிடிக்கவில்லை, அல்லது அவர் பிடிக்கவில்லை என்று சொன்னார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பட்டு நூல் குழாயைத் தொட்டுப் பார்த்து, இது எங்கே வாங்கியது, என்ன விலை என்று கேட்பார்கள். உம்மா கேள்வியைக் குழாயில் சொல்லுவார். காரின் விலை, டயர், பெற்றோல், சாரதியின் சம்பளம், எல்லாம் கூட்டி, விற்ற காசைக் கழித்து வாப்பா எப்போதோ மனதில் போட்டு வைத்திருந்த கணக்குத்தான் பதில். நானும் பலமுறை போட்டுப் பார்த்தேன், ஒரு சதமும் பிசகவில்லை. காது கேளாதவர்களின் பெரிய குரலில், தெருவுக்கே கேட்கும்படி வாப்பா சொல்லுவார்:

“இந்தக் கொழாயா? எழுநூத்தி முப்பத்தொம்பது ரூபா, எழுபத்தஞ்சு சதம்.”